எனக்கு அடுத்துக் குடித்தவர்

முதலில் வந்தது இருமல் இல்லை, களைப்பு. ரப்பர் மரங்களில் பாதி நிரை (வரிசை) வெட்டுவதற்குள் பால்வெட்டுக் கத்தி கனத்தது. பிறகு ஒருநாள் துப்பியதில் சிவப்பு. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு நிறுத்துவார்கள்.

அது அவசரகாலம், காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போட்ட காலம். சுங்கை லாலாங் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை)ச் சுற்றி முள்கம்பி. ரோட்டில் பயம் என்பதால் ஐயர் (சபைப் போதகர்) எப்போதாவதுதான் வருவார். அவர் வந்தால்தான் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிர்வது). அன்று முன்னே போகாதவன் என்ன பாவம் செய்தான் என்று லயமே பேசும்.

நான் போனேன். எல்லாருக்கும் ஒரே பாத்திரம். அன்று காலையிலும் இரத்தம் வந்திருந்தது. தெரிந்தே குடித்தேன். எனக்கு அடுத்து மண்டியிட்டிருந்த தேவசகாயம் அண்ணன் குடித்தார். பக்கத்து நிரையில் வெட்டுகிறவர். அவருக்கு நான்கு பிள்ளைகள்.

அடுத்த வாரம் மரத்தடியில் விழுந்தேன். தூக்கி வந்ததும் அவர்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே (நெஞ்சின் உள்ளே பார்க்கும் படம்) எடுத்தார்கள். காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்), இடது பக்கம் ஓட்டை என்றார் டாக்டர். ஸ்ட்ரெப்டோமைசின் (அந்தக் கிருமியை அடக்கும் ஊசி மருந்து) போட ஆரம்பித்தார்கள்.

பிழைப்பேனா என்று கேட்கவில்லை. "ஒரே பாத்திரத்துல குடிச்சா ஒட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மூச்சுக் காத்துலதான் அதிகம் பரவும். யாரு குடிச்சா?"

பேச்சை மாற்றி, ஊசி எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

படுக்க முடியவில்லை. எழுவேன், ஜன்னல்வரை போவேன், திரும்புவேன். நர்ஸ் ஏசுவார். ஜெபிக்கக் கண்ணை மூடினால் அண்ணன் குடிப்பதுதான் தெரியும்.

மூன்றாம் வாரம் அவரே வந்தார், கையில் பால் டின்னோடு. சேர்த்து வைத்துக் காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடக்கூடாது என்று அப்போது கடையிலேயே டின்னைக் குத்தித்தான் விற்றார்கள்.

"கடைக்கார பாய் ரெண்டு ஓட்டை போட்டுட்டாருலா. சட்டையெல்லாம் ஒழுகி, எறும்பு என்னையே தூக்கிட்டுப் போயிரும்போல" என்று சிரித்தார். சிரிப்பில் இருமினார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "அண்ணே, ரத்தம் வர்றது தெரிஞ்சுதான் அன்னைக்குப் பாத்திரத்துல குடிச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"அடப்பாவி. நாலு புள்ளைங்கடா எனக்கு."

எழுந்து போய்விட்டார். டாக்டரிடம் நானே எல்லாம் சொன்னேன். அண்ணனைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள். நான் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் அண்ணன் கட்டில் பக்கம் வந்து நின்றார்.

"ஒண்ணும் இல்லையாம்."

"இருமல்?"

"பீடிக்கு டாக்டர்கிட்ட ஏச்சு வாங்கினதுதான் மிச்சம்." போகத் திரும்பினார். "கோவம் போகலைடா. பொழைச்சு வா. லயத்துல வச்சு ஏசறேன்."

பிழைத்து வந்தேன். இதே நோயோடு மறைத்து நடக்கிறவர்களுக்கு எழுதுகிறேன்: சொல்லிவிடுங்கள்.

நான் பிழைத்ததைக் கிருபை என்கிறார் ஐயர். எனக்குக் கிருபை, அண்ணன் நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் போனதுதான். அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. கெடுக்கத்தான் செய்தேன்.

நன்றி சொல்ல உட்கார்ந்தால் உட்கார முடிவதில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன். ஊசியால் ஒரு காது போனது. நடந்தால் தரை லேசாகச் சாய்வதுபோல் இருக்கிறது. மறுபடியும் பால் வெட்டப் போகிறேன்; நான்கு மரத்துக்கு ஒருமுறை மூச்சுக்காக நிற்பேன். அப்போது நல்ல காதைப் பக்கத்து நிரைக்குத் திருப்புவேன். அண்ணன் வாளி சத்தம் கேட்கும்வரை அடுத்த மரத்துக்குப் போவதில்லை.