ஏரிக்கரையில் ஒரு சோடி சப்பாத்து

சர்ர்ர் என்று மேலே போகும். நடுவில் துணியைக் கடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்கும். மறுபடியும் சர்ர் என்று இறங்கும். கூடாரத்தின் வாசல் ஸிப். வேலையை விட்டு எத்தனையோ வருடங்களாகியும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. கூடாரம் விற்றுப் பிழைத்தவர்களுக்கு இது புரியும்: கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலையையும் பார்ப்பதில்லை, துணியையும் பார்ப்பதில்லை, ஸிப்பைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். வாசல் ஒழுங்காக மூடுமா என்பதுதான் முதற்கவலை. அதற்கு முன் நான் அறிந்த கூடாரம், போரில் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது கட்டிய தறப்பாள் விரிப்பு. அதற்கு வாசலே இல்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், லண்டனில் மோர்டனுக்குப் பக்கத்தில் ஒரு முகாம் சாமான் கடையில் ஏழு வருடம் நின்றேன். நின்றேன் என்பது சரியான சொல், நாற்காலி தரவில்லை. நீங்களும் எங்காவது நாள் முழுக்க நின்று விற்றவர்களானால், உங்கள் கணுக்கால்களுக்கு என் வணக்கம்.

தொலைந்த பொருள் பெட்டி

கடை நடுவில் ஆறு கூடாரங்களை விரித்து வைத்திருப்போம். உள்ளே போய்ப் படுத்துப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் சப்பாத்தோடு நுழைந்துவிடுவார்கள். நம்மவர்கள் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள், யாரும் சொல்லத் தேவையில்லை. வெளியே ஒரு சோடியைக் கண்டால் உள்ளே தமிழ் கேட்குமென்று காதைத் தீட்டிக்கொள்வேன்.

மனேஜர் ஸ்டீவுக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை, யாரோ மறந்து விட்டுப் போனதென்று நினைத்து, வாசலில் கிடந்த இரண்டு சோடிகளை எடுத்துத் தொலைந்த பொருள் பெட்டியில் போட்டுவிட்டான். உள்ளே இருந்தவர்கள் சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டரும் மனைவியும். காலுறையோடு கடை முழுக்கத் தேடிய டாக்டர், நான் எடுத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க ஊர் கோயில்ல இதுக்கு டோக்கன் குடுப்பாங்க மேடம். நீங்களும் ஆரம்பிச்சிருங்க."

ஒருத்தி படுக்க ஒரு வீடு

தங்கராணி அக்கா நோர்பரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அறுபத்துமூன்று வயது. சேலைக்கு மேல் கனத்த கோட். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஒருத்தி படுக்க ஏலுமான கூடாரம் ஒண்டு காட்டுங்கோ தங்கச்சி" என்றார். பேரப்பிள்ளைக்கா என்று கேட்டேன். "இல்லை, எனக்கு."

அவருடைய ஒரே மகள் ஒரு பிரெஞ்சுக்காரனை மணந்து, கோடையில் அவனோடு சேர்ந்து அந்நாட்டு மலையில் கூடாரக்காரர் தங்கும் ஒரு முகாம் திடல் நடத்துகிறாள் என்று சொந்தக்காரர் மூலம் கேள்வி. அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. இனி என்ர வாசலை மிதியாதே என்று சொன்னவரும் அவர்தான். மகள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. ஆறு வருடமாக மிதிக்கவில்லை; கடிதமும் இல்லை, டெலிபோனும் இல்லை. இப்போது அக்கா தானே போவதென்று முடிவெடுத்துவிட்டார். அவள் உள்ளே விடுவாளா என்றுதான் தெரியவில்லை.

எனக்குக் கோபித்துக்கொள்ளக்கூட ஒரு மகள் இல்லை. ஆகவே புத்தி சொல்லாமல், இருந்ததில் பாரம் குறைந்ததை இறக்கிக் காட்டினேன். அக்கா ஸிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "வீட்டுக்குள்ள விடாட்டி என்ன? அவளின்ர வாசலுக்கு முன்னால என்ர வீட்டை அடிப்பன்."

நாலு செவ்வாய்க்கிழமை

வாங்குவதற்கு முன் கூடாரம் அடிக்கப் பழக வேண்டுமென்றார். கடையில் கூட்டம் குறைந்த நாள் செவ்வாய். முதல் வாரம் கம்பி எகிறி, தொங்கிக்கொண்டிருந்த தண்ணீர்ப் போத்தல்களை எல்லாம் தட்டிவிட்டது. இரண்டாம் வாரம் உள்ளும் புறமும் மாறிப்போனது. முழங்கால் நோவென்று முனகுவார். ஆனால் நான் கையைக் கொடுத்தால் தட்டிவிடுவார். "அங்க நீங்கள் வரப்போறியளோ? விடுங்கோ."

அடித்து முடித்ததும் உள்ளே போய் ஒரு நிமிடம் படுத்துப் பார்ப்பார். அதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி சேர்த்து வைத்து, காலுறை இரண்டையும் சுருட்டி இடது சப்பாத்துக்குள் திணிப்பார். சின்ன வயதிலிருந்து அப்படித்தானாம். சப்பாத்துக்கொன்றாக வைத்தால் ஒன்று தொலைந்துவிடுமாம்.

நாலாம் செவ்வாய் பதினொரு நிமிடத்தில் அடித்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் என்னிடம் கேட்டான்: "இந்த அம்மா கூடாரம் வாங்க வந்தாரா, குடியிருக்க வந்தாரா?"

மலைக்குப் போகிறவருக்குச் சொன்னவை

கீழே மகளின் திடலில் காசு கட்டித் தங்கலாம். அங்கே இடமில்லாவிட்டால், மேலே இரண்டு மணி நேரம் ஏறினால் ஓர் ஏரி. அதன் கரையில் மாலை ஏழு மணிக்குப் பிறகு யாரும் கூடாரம் அடிக்கலாம், காலை ஒன்பதுக்குள் கழற்றிவிட வேண்டும். அக்கா இதையெல்லாம் முன்பே விசாரித்து வைத்திருந்தார். என் பங்குக்கு நானும் சொன்னேன். அந்த உயரத்தில் ஆடி மாதத்திலும் பனி உறையும். சோறு லேசில் அவியாது. ஏரிக்கு மிக அருகில் அடிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார்.

கடைசியாக, சப்பாத்தை இரவில் கூடாரத்துக்குள் வைத்துவிடுங்கள், பனியில் நனையும், நரியும் தூக்கும் என்றேன். அதுவரை ஓம் போட்டவர் நிமிர்ந்து பார்த்தார். "சப்பாத்தை வீட்டுக்குள்ள கொண்டுவாறதோ? நரி கொண்டுபோனால் வெறுங்காலோட இறங்கி வருவன்."

ஒன்பது மணிக்கு வந்தவள்

இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். காலில் ஒரு பழுப்பு மலைச்சப்பாத்து, இரண்டு அளவு பெரிது, அவருடையது அல்ல. தடித்த காலுறை வேண்டுமென்றார். கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

திடல் வாசலில் இடமில்லை என்று பலகை தொங்கியிருக்கிறது. அலுவலகக் கண்ணாடிக்குள் மகளின் முதுகு தெரிந்திருக்கிறது. கூப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிட்டார். இரண்டு மணி நேரப் பாதை அவருக்கு நாலு மணி நேரம். ஏரிக்கரையில் வேறு ஆறு கூடாரங்கள். காற்றில் இரண்டு தரம் விழுந்து, மூன்றாம் தரம் நின்றது. கொண்டுபோன புட்டைத் தின்றுவிட்டு, சப்பாத்தை வெளியே வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவது, இல்லையென்றால் அப்படியே லண்டனுக்குத் திரும்புவது. விடியும்வரை எது என்று முடிவாகவில்லை.

கரையில் யாராவது தீ மூட்டினார்களா, நேரத்துக்குக் கழற்றுகிறார்களா என்று பார்க்க, திடலிலிருந்து தினமும் ஒருவர் ஒன்பது மணிக்கு மேலே வருவது வழக்கம். அன்று வந்தவள் மகள். ஆறு கூடாரங்களைத் தாண்டி வந்த காலடி, ஏழாவதன் முன் நின்றுவிட்டது. வெளியே வெள்ளைப் பனி பூத்த ஒரு சோடி, முனை ஏரியைப் பார்த்தபடி. இடது சப்பாத்துக்குள் இரண்டு காலுறை.

உள்ளே அக்கா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு துணிக்கு அப்பால், "அம்மா, சப்பாத்தெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று ஒரு குரல். கைவிரல் விறைத்து அக்காவால் ஸிப்பைப் பிடிக்க முடியவில்லை. வெளியிலிருந்துதான் அது திறந்தது.

அக்கா காலுறைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நாள் முழுக்கச் சப்பாத்தோட மலையில திரியிறவள், தங்கச்சி. நான் ஒண்டும் சொல்லேல்லை. தன்ரையைக் கழட்டி என்ரைக்குப் பக்கத்தில வைச்சிட்டுத்தான் உள்ளுக்கு வந்தவள்."

அடுத்த வருடம் அக்கா நோர்பரி வீட்டை விட்டு மகளோடு போய்விட்டார்; ஏழு வருடத்தில் நான் விற்ற கூடாரங்களில், ஒரே ஓர் இரவோடு வேலையை முடித்துக்கொண்டது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.