நான் சொல்லுத வரைக்கும் தூக்காத

எக்ஸ்ரே படிப்பை முடித்த கையோடு, எண்பதுகளின் தொடக்கத்தில், அணு மருத்துவத்தில் ஓராண்டு ஃபெலோஷிப் பயிற்சிக்காகப் பம்பாய் போனேன். தென்காசியில் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. "டாக்டருக்குப் படிச்சாச்சு, எக்ஸ்ரேயும் படிச்சாச்சு. அதுக்கு மேல என்னட்டி படிப்பு?" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சன்னல் இல்லாத அறை. ஈயக் கட்டிகளுக்குப் பின்னால் நின்று கதிர்வீச்சு மருந்தை அளக்க வேண்டும். சட்டையில் ஒரு பேட்ஜ். நான் எவ்வளவு கதிர் வாங்கினேன் என்று அது சொல்லும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். தமிழில் யாராவது திட்டினால்கூடப் போதும் என்று இருக்கும்.

அப்போதுதான் இலஞ்சியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவை அத்தான் அங்கே கூட்டி வந்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்து, கை நடுங்கி, எலும்பும் தோலுமாகியிருந்தாள். ஒன்றேகால் வயது மகளைத் தென்காசியில் அம்மாவிடம் விட்டிருந்தார்கள். கதிர்வீச்சு அயோடினைக் குடிக்கக் கொடுத்தது நான்தான். பார்க்க வெறும் தண்ணீர்தான்.

"ஏட்டி, இந்த ஒரு மடக்குத் தண்ணிக்கா இவ்வளவு தூரம் வரச் சொன்ன?" என்று சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து நானும் சிரித்தேன்.

அந்த மருந்தைக் குடித்தவர்கள் உடம்பிலிருந்து கதிர் வீசும்; கொஞ்ச நாள் குழந்தைகளைத் தொடாமல் இருக்க வேண்டும். எந்தத் தேதி வரை என்று ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அக்காதானே, சீட்டு எதற்கு என்று விட்டுவிட்டேன். "நான் லெட்டர் போட்டுச் சொல்லுத வரைக்கும் பிள்ளையத் தூக்காத" என்று வாயால் சொல்லி ரயிலேற்றினேன்.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். போடவில்லை. வேலை, பரீட்சை என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். சுத்தமாக மறந்துபோனேன், அவ்வளவுதான். அவளிடமிருந்து கடிதம் வந்தது: "உடம்பு தேவலை. நீ சொன்னபடியே நடக்கேன்." மாத்திரையைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த மூளை அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து, சாரல் சமயத்தில் லீவில் வந்தேன். எல்லோரும் குற்றாலம் போனோம். குழந்தை எங்கள் அம்மாவின் இடுப்பில் இருந்தது. நான் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு திரும்பினால், அக்கா சேலை நுனிகூட நனையாமல் ஒதுங்கி நிற்கிறாள்.

"வா யக்கா, குளிக்க."

"நான் குளிச்ச தண்ணி கீழ போவும்லா. அங்கன எத்தனை பேரு குளிக்காவ. எத்தனை வயலுக்குப் பாயுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏ யக்கா, அதெல்லாம் பத்து நாளுக்குத்தான!"

"பத்து நாளா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாதான் சொன்னாள்: நாலு மாதமாக அக்கா இலஞ்சியில் அத்தானோடு மட்டும் இருக்கிறாள்; குழந்தை தென்காசியில். வாரம் ஒருநாள் பஸ் ஏறி வருவாள். தெருவில் நின்றபடியே சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள்.

"நீ லெட்டர் போடலியே" என்றாள் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்பத் தூக்கு யக்கா. ஒண்ணும் செய்யாது."

"எழுதிக் குடு. இல்லன்னா எனக்குக் கை போவாது."

சீயக்காய் மடித்திருந்த தாளைக் கிழித்து, அருவிக்கரைக் கடையில் பேனா வாங்கி, தேதி போட்டு எழுதினேன்: இன்று முதல் தூக்கலாம். கையெழுத்தும் போட்டேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை எங்கள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யாரோ பிடுங்க வந்ததுபோல் வீறிட்டு அழுதது.