தாய்ச்செடிக்கு மூன்று மக் தண்ணீர்

அந்த நர்சரிக்கு வருகிறவர்கள் செடிக்குக் காசு கொண்டுவந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் திட்டு வாங்கவும் தயாராக வர வேண்டும். வாடிய செடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நர்சரிக்காரிக்கு வைத்த பெயர் டாக்டரம்மா. ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தே வளர்த்தவரின் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவாள். கோடையில் உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினவர்களுக்கு ஒரு டோஸ். மழைக்காலத்தில் ஊற்றினவர்களுக்கு இரட்டை டோஸ்.

"அதான் மேல இருந்து ஊத்துதே, நீங்க எதுக்கு அதோட போட்டிக்குப் போறீங்க?"

நர்சரி வாசலில், தகரக் கூரைக்கு அடியில், ஒரு காகிதப்பூத் தொட்டி இருந்தது. ஒரே கிளையில் வெள்ளையும் ரோஸும் பூக்கும். கல்யாணமான புதிதில் கணவனும் அவளும் வாங்கிவந்த முதல் செடி அது. அதிலிருந்து குச்சி வெட்டி நட்டு விற்றுத்தான் நர்சரியே தலையெடுத்தது. கணவன், கொழுந்தன், அவள் மூவருக்கும் அது செல்லப்பிள்ளை.

இந்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில் செல்லப்பிள்ளை மஞ்சளாகி இலையை உதிர்த்தது. டாக்டரம்மா தொட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். வேர் அழுகி நாற்றம் குப்பென்று அடித்தது.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்தினது?"

கணவன் தலையைச் சொறிந்தான். "கூரைக்கு அடியில இருக்கே, பாவம், மழை படலையேன்னு காலையில ஒரே ஒரு மக்."

"மத்தியானம் நான் ஒரு மக், அண்ணி," என்றான் கொழுந்தன்.

டாக்டரம்மா தொட்டியை மெதுவாக நிமிர்த்தி வைத்தாள். சாயங்காலத்து மக் அவளுடையது.

உர மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். குச்சி வெட்டலாமென்றால் தண்டும் கறுத்துவிட்டது. கன்றுகளையும் ஒன்று விடாமல் விற்றாயிற்று. கடைசிக் கன்று யாருக்குப் போனது என்று யோசித்துப் பார்த்தாள். தையல்காரருக்கு! ஏற்கெனவே மூன்று செடிகளைக் காயவிட்டுக் கொன்ற மகானுபாவர். "உங்க கையில இது ஒரு மாசம் தாங்காது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

வேறு வழியில்லை, போனாள். தையல் கடை வாசலில் கால் அப்படியே நின்றுவிட்டது. பெயர்ப்பலகையே தெரியாதபடி வெள்ளையும் ரோஸும் பூத்துக் கிடந்தது.

தையல்காரர் அவளைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"திட்டாதீங்கம்மா. வேலை தலைக்கு மேல கிடக்கு. தண்ணி ஊத்தணும்னு நெனைக்கிறேன், மறந்துடுது. என்னைக்காவது ஞாபகம் வந்தா அன்னைக்குப் பார்த்து மழை பெய்ஞ்சுடுது."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திட்ட வரலீங்க. கேட்டு வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்று நடந்ததையெல்லாம் சொன்னாள், தன்னுடைய மக் உட்பட. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

தையல்காரர், துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாத தன் கத்தரியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் ஆறு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள்.

"இனிமே உங்க வாசல்ல இருக்கறதுதான் எங்களுக்குத் தாய்ச்செடி, தெரிஞ்சுக்கோங்க."

தையல்காரர் பதறிப்போனார். "ஐயையோ, அப்ப இனிமேலாவது தினம் ஒழுங்கா தண்ணி ஊத்தணுமே!"

"ஊத்தினீங்கன்னா தெரியும் சேதி!" என்றாள் டாக்டரம்மா.