தண்ணீர் நூறில் கொதிக்கவில்லை

1966 பெப்ரவரி 9, புதன்கிழமை, முற்பகல் பத்து இருபது. வெளியே பனிமூட்டம், உள்ளே எரியும் ஸ்பிரிட்டின் வாசனை. அப்புத்தளையில் நான் படித்த பாடசாலையின் ஒரேயொரு வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் பிடித்து, ஐந்து முறை பார்த்து, ஐந்து முறையும் தொண்ணூற்றைந்து பாகை என்று என் செய்முறைக் கொப்பியில் எழுதினேன்.

எங்கள் விஞ்ஞான வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர், கடற்கரையில் வளர்ந்தவர். அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே வெட்டிவிட்டு, "தண்ணி நூறிலதான் கொதிக்கும். நீர் வெப்பமானியைப் பிழையாப் பிடிச்சிருக்கிறீர்" என்றார். வகுப்பில் இருந்த மற்ற இருபத்தொரு பேரும் அளக்காமலே நூறு என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கொப்பி முக்கியம். பதுளையில் ஒரு பெரிய பாடசாலையின் விஞ்ஞான வகுப்பில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஆறே இடங்கள். நேர்முகத் தேர்வில் கொப்பிக்கு மட்டும் பத்துப் புள்ளி. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசையாய் ஒட்டியிருந்த இருபத்துநான்கு காம்பரா வீடுகளிலிருந்தும் அதுவரை ஒருவரும் அந்த வகுப்புக்குப் போனதில்லை.

எங்கள் வீட்டில் உலை பொங்கும்போது அம்மா ஒரு கை உப்பைப் போடுவாள்; கொதி சட்டென்று அடங்கி, கொஞ்ச நேரம் கழித்தே மறுபடி எழும். "உப்புப் போட்டா ஒல மெரளும்" என்பது அவள் சொல். உப்புத் தண்ணீருக்குக் கூடுதல் சூடு வேண்டும் போலும் என்று எண்ணி, வெள்ளிக்கிழமை காலை உப்பை இடித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

"இம்புட்டு உப்ப அள்ளிக்கிட்டுப் போறியே, பள்ளிக்கூடத்துல கருவாடு போடுறாங்களா?" என்று கேட்டாள்.

வாத்தியார் பார்க்காத நேரத்தில் அரைக்குவளை நீரில் கரண்டி கரண்டியாகப் போட்டேன். ஒவ்வொரு கரண்டிக்கும் ஏறக்குறைய அரைப்பாகை ஏறியது. ஒன்பதாவது கரண்டியில் நூறு. வாத்தியார் வந்து பார்த்து, 'சரி' போட்டுக் கையெழுத்து வைத்தார். வெட்டுப்பட்ட பழைய பக்கத்தை, அழுக்காகத் தெரிகிறதே என்று, நானே கிழித்து அடுப்பில் போட்டேன். இப்போது எழுதும்போதும் அந்தக் கையைத்தான் திட்டுகிறேன்.

பதுளையில் கொப்பியைப் பார்த்த பெரியவர் வழுக்கைத் தலையர், மெதுவாகப் பேசுபவர். அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"அப்புத்தளை உயரத்தில காத்தின்ர அழுத்தம் குறைவு. தண்ணி நூறு வரைக்கும் காத்திருக்காது. நீர் எதைப் பாத்து எழுதினீர்?"

கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பதுளையில் இருக்கும் சித்தி வீட்டில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுகிறது, இங்கே விறகைத் தின்கிறது என்று அம்மா வருடக் கணக்காகப் புலம்பியதும் இதைத்தான்.

"பாத்து எழுதலைங்க சேர், அளந்தேன். மொதல்ல தொண்ணூத்தஞ்சுதாங்க வந்துச்சு. பொறகு உப்புப் போட்டேங்க."

"எவ்வளவு?"

"அரைக்குவளைக்கு ஒம்பது கரண்டிங்க."

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ பெருக்கிப் பார்த்தார். கரைந்த உப்புத் துகள்கள் நீர் ஆவியாகப் பறப்பதைக் குறைக்கின்றன, துகள் கூடக் கூடக் கொதிநிலையும் கூடும், மேல்வகுப்பில் படிக்க வேண்டியதை நான் முன்னமே செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே கொப்பியை மூடினார்.

"கணக்குச் சரி தம்பி. ஆனா தண்ணி எண்டு எழுதிப்போட்டு உப்புத்தண்ணியை அளந்திருக்கிறீர். புள்ளி போட ஏலாது. அந்தத் தொண்ணூற்றைஞ்சு எழுதின பக்கம் இருக்கோ?"

இல்லை என்றேன்.

பிறகு முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலைக் காரியாலயத்தில் கொழுந்து நிறை எழுதினேன். நான் உப்புப் போட்ட அந்தப் பரிசோதனைக் கூடம் இப்போது உடைந்த மேசைகள் போடும் அறை. வாத்தியாரும் இல்லை, வழுக்கைத் தலையரும் இல்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் மிச்சமில்லை. கொப்பிக்கு விழுந்தது பூச்சியம். போனது பத்துப் புள்ளி. ஆறாவது இடத்துக்கு எனக்குப் போதாமல் போனது நான்கே நான்கு.