ஏரியூர் ரத்தத்துக்கு மட்டும் பொருந்திய ஊசி

கலைமதிக்கு ஏரியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். வேலை பெங்களூரில், ஒரு தனியார் ஆய்வகத்தில். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "காய்ச்சலுக்கு ஊசி மருந்து செய்யறேன்" என்பாள். அதற்கு மேல் விளக்கினால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். நான் விளக்குகிறேன். கொட்டாவி விடாமல் படியுங்கள்.

மலேரியாக் கிருமியின் புரதத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து அதே துண்டை இயந்திரத்தில் செயற்கையாகச் செய்கிறார்கள். அதற்குப் பெப்டைடு என்று பெயர். இதுதான் எதிரி என்று உடம்புக்கு அடையாளம் காட்டத்தான் அந்தத் துண்டு. ஆனால் அதை ஏந்திக் காட்ட நம் செல்களில் ஒரு பிடி இருக்கிறது. அது அப்பன் வழியிலும் ஆத்தா வழியிலும் வருவது, ஆளுக்கு ஆள் மாறுவது. ஒருவர் பிடியில் உட்காரும் துண்டு இன்னொருவர் பிடியில் நழுவிவிடும். முடிந்தவரை எல்லார் பிடியிலும் உட்காரும் துண்டை வடிவமைப்பதுதான் கலைமதியின் வேலை.

அவள் இந்த வேலைக்குப் போனதற்குக் காரணம் அவளுடைய தாய்மாமன் மாது. அவனுக்கு போர்வெல் போடும் போர் வண்டியில் வேலை. ஏரியூர், பென்னாகரம் பக்கத்து ஆண்கள் பலர் ஆழ்துளைக் கிணறு போட சத்தீஸ்கர், ஒடிசாக் காடுகளுக்குப் போகிறார்கள். வண்டிக்கு அடியிலேயே தூங்குகிறார்கள். கொசுவலை கேட்டால் முதலாளி சிரிக்கிறான். மாது நடுக்கும் காய்ச்சலோடு திரும்பிப் பிழைத்துக்கொண்டான். கூடப் போன குப்புராஜ் ஆம்புலன்ஸில் பிணமாக வந்தான்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் மாதவராஜ், பாப்பாரப்பட்டிக்காரர். கலைமதி சேர்ந்த அன்றே, "நம்மூருப் பொண்ணா? அப்ப நம்ம வூட்டுப் பொண்ணு" என்றார். அவள் உருகிப்போனாள். வீட்டுப் பெண்ணுக்குக் கூடுதல் வேலை தரலாம், கேள்வி கேட்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

துண்டைச் சோதிக்க, ஏற்கெனவே மலேரியா வந்தவர்களின் ரத்தம் வேண்டும். "ஒரே குடும்பத்து ஆளுங்க வேணாம் மதி. வேற வேற குடும்பமா பாரு" என்றார். கலைமதி மாதுவிடம் சொன்னாள். ஊர்ச் சமுதாயக்கூடத்தில் போர் வண்டிக்காரர்கள் கூடினார்கள்.

"ஒரு வகையறாவுக்கு ஒரு ஆளு போதும். மத்த பங்காளிங்க எந்திரிங்க" என்றான் மாது.

"ஏன்டா, எங்க ரத்தம் புளிச்சிப் போச்சா?" என்றார் பச்சியப்பன். போர் வண்டியிலேயே தலை நரைத்தவர்.

"புள்ள சொல்லுது. சொந்தக்காரங்க கூடாதாம்."

"அப்ப நீ மொதல்ல எந்திரி. அக்கா மவளக் கட்டிக்கடான்னு ஊரே சொல்லுச்சு. கட்டியிருந்தா இன்னிக்கி இப்பிடி ஊசியெடுத்துக் குத்துவாளா?"

"கட்டியிருந்தா தெனமும் குத்தியிருப்பா மச்சான்" என்று மாது கையை நீட்டினான். கலைமதியும் சிரித்துக்கொண்டே குத்தினாள்.

தப்பு அங்கே நடந்தது. பங்காளி என்றால் ஒரே ரத்தம், மாமன் மச்சான் என்றால் வேறு குடும்பம். இது எங்கள் பக்கத்துக் கணக்கு. கல்யாணத்துக்கு அது சரி. ஆனால் அதே நாலைந்து வகையறாக்களுக்குள்தான் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகள். ஆத்தா வழியில் பார்த்தால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே குடும்பம். முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு அது உறைக்கவில்லை. வெளியூர்க்காரி ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

அவள் செய்த துண்டை ஏறக்குறைய எல்லாருடைய செல்லும் அடையாளம் கண்டது. ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பேச வந்தது. கலைமதி ஊருக்கு வந்து, "ஊசி வந்தா மொத ஊசி நமக்குத்தான். சாரே சொல்லிட்டாரு" என்றாள். குப்புராஜின் ஆத்தா கோவிந்தம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கம்பெனி வேறு ஊர்களின் ரத்தத்தில் சோதித்தது. அங்கே துண்டு நழுவியது. காரணம் கேட்டார்கள். நிறைந்த கூட்டத்தில் மாதவராஜ், "ரத்தம் சேகரித்தது முழுக்கக் கலைமதியின் பொறுப்பு. நான் நம்பினேன்" என்றார்.

அவள் அவருடைய அறைக்குப் போனாள்.

"சார், நீங்க கட்டினது உங்க அக்கா பொண்ணத்தானே? வகையறா வேறன்னா சொந்தமில்லன்னு நான் ரிப்போர்ட்டுல எழுதினப்ப, அது தப்புன்னு உங்களுக்குத் தோணலையா?"

அவர் கதவைச் சாத்தினார். "பிடி டெஸ்ட் ரிசல்ட் மொத வருசமே எங்கிட்ட வந்துச்சு. எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வெளிய சொல்லிருவ."

மாதம் முடிவதற்குள் அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் அதே நாற்காலியில் இருக்கிறார். நம்மூர், நம்ம வீடு என்று பேசுகிற முதலாளி மற்ற முதலாளியைவிட மோசமானவன். மற்றவனிடம் நாம் எச்சரிக்கையாகவாவது இருப்போம்.

ஊருக்கு வந்து மாதுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அடுத்த நடைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நம்ம ரத்தத்துக்கு அது ஒத்துப்போவுதா இல்லையா?"

"போவுது மாமா. நமக்குத்தான் போவுது. ஆனா லேப்புல கண்ணாடிக் கொழாயில பாத்ததுதான். ஒடம்புல போட்டுப் பாக்கல."

"போட்டுப் பாக்கச் சொல்லு."

"ஒரு ஊருக்காக யாரும் ஊசி செய்ய மாட்டாங்க."

"ஊருக்குன்னு சொல்லித்தான ரத்தம் எடுத்த?"

அவள் மடித்து நீட்டிய சட்டையை மாது வாங்கிப் பையில் வைத்தான்.

"அந்தாளு மேல எனக்குக் கோவமில்ல. அவன் மூஞ்சியக்கூட நாங்க பாத்ததில்ல. கையப் புடிச்சது நீ." பையை இழுத்து மூடினான். "எங்க ரத்தம் இன்னும் அங்கதான் இருக்குதா?"

"ஐஸ்ல இருக்கு."

"திருப்பி வாங்கிட்டு வா."

"குடுக்க மாட்டாங்க மாமா."

"கேட்டுப் பாத்தியா?"

கலைமதி பெங்களூர் போய்க் கேட்டாள். வாசலில் காவலாளி நிறுத்தினார். மாதவராஜ் வெளியே வரவில்லை. ரத்தம் ஆய்வகத்தின் சொத்து என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் வெறுங்கையோடு திரும்பியபோது போர் வண்டி கிளம்பியிருந்தது. எப்போதும் அக்கா மகளிடம் சொல்லாமல் போகாத மாது, இந்தத் தடவை சொல்லிக்கொள்ளாமல் சத்தீஸ்கர் போய்விட்டான்.