லொறி ஒயிலும் கோடிச் சேலையும்

போன வருசம் ஐப்பசி மழையில் நடந்தது இது. பசறையைத் தாண்டி மடுல்சீமைக்கு ஏறுகிற ரோட்டில், நின்றுபோன ஒரு சிவப்புக் காருக்குள், மடியில் புதுச் சேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்பவும் நினைத்தால் முதலில் வருவது துக்கம் இல்லை, கோபம்.

அன்று விடியக்காலை மடுல்சீமையில் என் தங்கச்சி செத்துப்போனாள். கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் சனத்தில் ஒரு பொம்பளை செத்தால், கடைசியாக அவள் மேல் போர்த்துவது பிறந்த வீட்டுக் கோடி, உடுத்தாத புதுச் சேலை. புருசன் வீட்டார் என்ன பட்டு போட்டாலும் சரி, அது வந்த பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

நான் இருக்கிற ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ்ஸில் போகத்தான் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த மருமகன் விடவில்லை. "நம்ம கார் நிக்கும்போது பஸ்ஸுலயா அத்தை? பஸ்ஸு பசறைக்குப் போறதுக்குள்ள நாம சாவு வீட்டுல இருப்போம்" என்றார். அந்தக் காரைப் பற்றிப் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. பெட்ரோல் கார், டர்போ போட்டது, ரேஸுக்கு ஓடுகிற சாதி. வந்த நாளிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மகள் வீட்டிலேயே நின்றுகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டோம்.

பறக்கத்தான் செய்தது. வளைவுக்கு வளைவு நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பசறை தாண்டி ஏற்றத்தில், காருக்குள் அவர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தி இறங்கி, முன்மூடியைத் திறந்து, ஒயில் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கம்பியில் ஒரு சொட்டு ஒயில் ஒட்டவில்லை. வெளியே அவ்வளவு துடைத்தவர், உள்ளே ஒயில் இருக்கிறதா என்று ஒரு நாள் பார்க்கவில்லை.

போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது, ஆளைக் கூப்பிட அவர் வளைவுக்கு அந்தப் பக்கம் போனார். அப்போது தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஒன்று வெறுமையாக மேலே ஏறி வந்து நின்றது. அந்த ரோட்டில் கடையும் இல்லை, கராஜும் இல்லை. எந்த வண்டி நின்றாலும் லொறிக்காரர் இறங்கிப் பார்ப்பார், தன்னிடம் இருப்பதைக் கொடுப்பார். எங்கள் மலையில் அதுதான் வழக்கம். டிரைவர் கம்பியைப் பார்த்தார். சீட்டுக்கு அடியிலிருந்து கேனை எடுத்து ஊற்றினார். "லொறிக்கு ஊத்துறதுதாம்மா. கெட்டி எண்ணெய், மலைக்குத் தாங்கும்" என்றார். நான் கும்பிட்டேன்.

மருமகன் வந்து ஸ்டார்ட் பண்ணினார். விளக்கு அணைந்தது. சிரித்துக்கொண்டே இறங்கியவர் கண்ணில் அந்தக் கேன் பட்டது. அவ்வளவுதான்.

"டீசல் லொறி ஒயிலயா இதுல ஊத்துன? இது என்ன எஞ்சின்னு தெரியுமா உனக்கு?"

"ஒயில் இல்லாம நின்னுச்சு சார், ஊத்துனேன்" என்றார் டிரைவர்.

டர்போ போச்சு, எஞ்சின் போச்சு என்று மருமகன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஓட்ட மாட்டேன், இழுத்துக்கொண்டு போகப் பதுளையிலிருந்து ஆள் வரணும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டார். டிரைவர் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு என் மடியைப் பார்த்தார். சேலையைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. "அம்மாவ நான் ஏத்திட்டுப் போறேன் சார். கோடி கொண்டு போறாங்க, காக்க வைக்கக் கூடாது."

நான் கதவைத் திறந்தேன். மருமகன் அதைச் சாத்தினார். "என் மாமியார் கொழுந்து லொறியில போயி எறங்கவா? நாலு பேரு என்னைய என்ன சொல்லுவான்? கொஞ்ச நேரம் அத்தை, ஆள் வந்துருவான்."

தோட்டத்தில் கங்காணிக்கும் தொரைக்கும் பதில் சொன்ன வாய் இது. ஆனால் மருமகன் முகத்துக்கு நேரே பேசுவது எங்களில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். லொறி போய்விட்டது.

மழை பிடித்தது. பதுளை ஆள் வரவில்லை. தங்கச்சி மகன் மருமகனின் போனில் என்னைக் கூப்பிட்டான். "பெரியம்மா, குழியில தண்ணி ஊறுது. எங்க இருக்கீங்க?" என்னத்தைச் சொல்ல? ரோட்டில் நல்ல ஒயிலுக்காகக் காத்திருக்கிறேன் என்றா? இறங்கினேன். பின்னால் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தேன். வெகுதூரம் போன பிறகுதான் ஒரு ஆட்டோ வந்து ஏற்றிக்கொண்டது.

வீட்டில் பெட்டி இல்லை. இடுகாட்டுக்கு ஓடினேன். குழிக்கரை சரியுது, இனிமேல் பொறுக்க முடியாது என்று பெட்டியை மூடி இறக்கிவிட்டிருந்தார்கள். மண்வெட்டியோடு நின்றவர்கள் என்னைக் கண்டு விலகினார்கள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கையால் அவள்மேல் விரிக்க வேண்டிய சேலையை மேலே நின்று குழிக்குள் போட்டேன். அது பெட்டிமேல் கூட ஒழுங்காக விழவில்லை. ஒரு முனை சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. அதன்மேல் மண்ணைத் தள்ளினார்கள்.

பொழுது சாய்கிற நேரம் அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றது. அதே லொறி ஒயிலோடு, தானாகவே ஓடி வந்தது. கொழும்பில் கராஜுக்குப் போன் பண்ணிக் கேட்டாராம். ஒரு தடவை ஊற்றியதால் ஒன்றும் ஆகாது, மெதுவாக ஓட்டிப் போய்ச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்றார்களாம். அந்தப் போனை முதலிலேயே போட அவருக்குத் தோன்றவில்லை.

"நல்ல வேளை அத்தை, எஞ்சினுக்கு ஒன்னும் ஆகல" என்றார்.

கையில் சேறு காயாமல் நின்ற என்னிடம் அதைச் சொன்னார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மருமகன் முகத்தை நேரே பார்த்துப் பேசினேன். "நீங்க உங்க எஞ்சினோட போங்க. நான் என் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு பஸ்ஸுல வர்றேன்."

மறுநாளே பதுளையில் அந்த ஒயிலை வடித்துவிட்டு வேறு ஊற்றிக்கொண்டார், கார் இப்பவும் பறக்கிறது. நான் அதில் ஏறுவதில்லை. இப்போது யார் மரியாதைக்காகவும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுமில்லை. அவர் தப்பை அவர் வடித்து எடுத்துவிட்டார், என் சேலை மட்டும் அந்தச் சேற்றில் ஒரு முனை நனைந்து கிடந்தபடியேதான் எனக்குள் கிடக்கிறது.