அஞ்சலி போஸ்டரில் என் முந்தானை

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டிடிபி சென்டரின் டிசைனர் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். துணி, பை, சுவர் என்று அவர் கண் மேய்ந்துகொண்டே இருக்கும். என் தையல் வகுப்புக்கு நோட்டீஸ் அடிக்கப் போயிருந்தேன்.

"வெறும் வெள்ளையா இருந்தா யாரு நின்னு படிப்பாங்க? முந்தானைய இந்தக் கண்ணாடி மேல வைங்க மேடம்" என்றார்.

கட்டியிருந்த புடவையோடு ஸ்கேனர்மேல் குனிந்தேன். யாராவது வந்துவிடுவார்களோ என்று கண் வாசலிலேயே இருந்தது. முந்தானையின் கட்டங்களை எழுத்துக்கு அடியில் அவர் மங்கலாகக் கலந்ததும், நோட்டீசுக்கே நெய்த துணியின் களை வந்துவிட்டது.

அடுத்த மாதம் தேரடி வீதியில், முன்பின் தெரியாத கிழவர் ஒருவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அதே கட்டங்கள். நேரே கடைக்கு ஓடினேன்.

"என் புடவைய சாவு போஸ்டர்ல போட்டுட்டீங்களே?"

"கல்யாண பிளக்ஸ்லயும் போட்டிருக்கேன் மேடம். எதோட சேர்த்தாலும் அது ஒத்துப்போவுது" என்றார், என் குடைத் துணியைப் பார்த்தபடியே. குடையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்தப் புடவையை அப்புறம் நான் கட்டவில்லை. ஆனால் இன்றும் அஞ்சலி போஸ்டர் எதைக் கண்டாலும், செத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன், அதன் பின்னால் இருக்கும் துணியைத்தான் என் கண் தேடுகிறது.